ராமானுஜம் சார் ஃபேமிலி வந்தாச்சு

ஜார்ஜியாவில் தயிர் நன்றாக இருக்கும். நீங்கள்தான் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அந்த நாட்டில் எனக்கு முதலில் பிடித்தது தயிர்தான். நல்ல கெட்டி, அளவான புளிப்பு. மட்சோனி என்று அதற்குப் பெயர். ஹோட்டலுக்கு எதிர்க்கடையில் கண்ணாடிப் புட்டியில் கிடைத்தது. ஊரிலிருந்து கொண்டுபோன சின்ன ரைஸ் குக்கரில் சாதம் குழைய வடித்து, அந்தத் தயிரை விட்டுப் பிசைந்து கொடுத்தேன். அப்பா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இங்கே மாமல்லபுரத்தில் பாக்கெட் தயிரைத் தட்டோடு வீசியெறிந்தவர்.

காபியைக் குடியுங்கள் இன்ஸ்பெக்டர், ஆறிவிடும். மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் பை என்னுடையதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். என் கையெழுத்துக்காக நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலத்தில், மலைமேல் என் தகப்பனாரைச் சுற்றுலா மேலாளர் மோசஸிடம் ஒப்படைத்தேன் என்று ஒரு வரி இருக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

என் பெயர் செங்கமலம். செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தினேன். காக்கசஸ் மலைத்தொடர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எந்தப் பெண்ணும் தூக்கத்தில்கூடக் கைகாட்டுகிற மாதிரி நடத்தியிருக்கிறேன். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் பிரம்பை வைத்தே என் பாதி வயது போயிற்று. அப்பாவுக்கு மறதி நோய் முற்றியபோது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டேன். கல்யாணம் ஆகாத பெண். வேறு யாரைப் போய் இருக்கச் சொல்வார்கள்.

என் தம்பி கிரிஷ் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். மனைவி மானசாவும் அங்கேதான். இரண்டு பேரும் நல்ல குழந்தைகள். தீபாவளிக்கு வந்து அப்பாவோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போட்டோவில் அப்பா எப்போதும் சுத்தமாக இருப்பார், ஏனென்றால் அவர்கள் வருவதற்குச் சற்றுமுன்தான் நான் அவரைக் குளிப்பாட்டி முடித்திருப்பேன்.

அப்பா ராமானுஜம் கோயில் உக்கிராணத்தில் இருந்தவர். பெருமாள் தளிகைக்கு வேண்டிய அரிசி, வெல்லம், நெய், முந்திரி, பாத்திரம் எல்லாம் இருக்கும் அறை. சாவி அவர் இடுப்பில். அந்த அறையிலிருந்து ஒரு முந்திரிப் பருப்பு அவர் வாய்க்குள் போனதில்லை. சின்ன வயதில் நான் ஒரு கல்கண்டு கேட்டதற்கு, "அது நம்மளது இல்லைடீ, நம்மகிட்ட குடுத்து வச்சிருக்கா" என்றார். ஊரில் அவருக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்த ஒரு குணத்துக்கு.

நோய் வந்தபிறகு அவர் அவராக இல்லை. என் பெயர் போயிற்று. என்னை 'மாமி' என்று கூப்பிட்டார், எங்கேயோ சமையலுக்கு வந்தவள் என்று நினைப்பு. ஐந்து நிமிஷத்துக்கு முன் சொன்னது அவருக்கு நினைவில் நிற்காது. இதை எழுதிக்கொண்டீர்களா? நல்லது. நாள் பூராவும் ஒரே கேள்வி, "ஆத்துக்குப் போலாமா?" வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? சொன்ன பதிலையும் உடனே மறந்து, மறுபடி கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் அடிப்பார். என் இடது காதில் இப்போதும் சரியாகக் கேட்காது, அதனால்தான் உங்களை இந்தப் பக்கம் உட்காரச் சொன்னேன்.

இதையெல்லாம் விட அவர் அலைவதுதான் பெரிய கஷ்டம். கதவு திறந்திருந்தால் போதும், கிளம்பிவிடுவார். ஒருமுறை நெம்மேலியில், கடல்தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலை மதில் ஓரம் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தவரை ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, பெரியவர இப்டி வுட்டுட்டு வூட்டுக்குள்ள இன்னா பண்ணிகினு கீற?" என்று வாசலில் நின்று கேட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். குளித்தேன் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு இரவில் அவர் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தேன். அவர் எங்கே போனாலும் யாராவது கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஒரு தடவைகூட யாரும் கொண்டுவராமல் இருந்ததில்லை.

அவரை ஓரிடத்தில் உட்காரவைக்க எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. கையில் ஏதாவது ஒரு பையைக் கொடுத்து, "பத்திரமா பாத்துக்கோங்கோ" என்று சொன்னால் போதும். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். முகமே மாறிவிடும், உக்கிராணத்து ராமானுஜம் திரும்பி வந்துவிடுவார். செங்கல்பட்டு வங்கியில் ஒருநாள் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துவிட்டுப் போனேன். சர்வர் வேலை செய்யவில்லை என்று மத்தியானத்தைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்தால் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தார். பசியில் உதடு காய்ந்திருந்தது. வேட்டி நனைந்து பெஞ்சுக்குக் கீழே தேங்கியிருந்தது. எழுந்திருக்கவில்லை. பைக்குள் இருந்தது அவருடைய சாப்பாடுதான்; திறக்கவில்லை. அன்று நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஜார்ஜியாவுக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்த்த லோகநாயகி போய்விட்டு வந்து போட்டோ காட்டினாள். மலைப்பாதை, பனி, மலை உச்சியில் தனியாக ஒரு பழைய தேவாலயம், அதற்குப் பின்னால் காஸ்பெக் சிகரம். நான் பிரம்பு வைத்துக் காட்டிய பழுப்புக் கோடு. எனக்கு வேறு எதிலும் ஆசை இருந்ததில்லை. நகை, புடவை ஒன்றும் கிடையாது. இதற்கு ஆசைப்பட்டேன். ஒரு வாரம் அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கிரிஷிடம் கேட்டேன். சரி என்றான். நான் பணம் கட்டிவிட்டேன். விசாவுக்குப் போடுகிற நேரத்தில் கூப்பிட்டான்.

"அக்கா, அந்த வாரம் எனக்கு ரிலீஸ் இருக்கு. மானசாவுக்கும் லீவு கிடைக்காது. ஒண்ணு பண்ணலாம், அப்பாவையும் அழைச்சுண்டு போயேன். டிக்கெட் நான் போடறேன். அவரும்தான் பனியைப் பாக்கட்டுமே."

அப்பாவுக்கு ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தது, கிரிஷ் சிங்கப்பூரில் இருந்தபோது எடுத்தது. தம்பிக்குத் தன் பெருந்தன்மையில் ஒரே சந்தோஷம். நான் போனை வைத்தேன். அந்த ஒரு வாரத்தை நினைத்துத்தான் மற்ற வாரங்களை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. போகாமல் இருந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் போகாமல் இருந்தால் இங்கே இருக்க வேண்டுமே.

மோசஸ் படாளத்துக்காரர். விமான நிலையத்தில் எங்களைப் பார்த்ததுமே அப்பா எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொண்டார். அவருக்குக் கொஞ்சம் மறதி என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். வேறொருவராக இருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பியிருப்பார். இவர் குனிந்து அப்பாவின் ஷூவைப் பார்த்து, "சார், லேஸு அவுந்துகினு கீது, இருங்க நான் கட்றேன்" என்று கீழே உட்கார்ந்து கட்டிவிட்டார். அப்பா தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். "எங்கப்பனும் கடைசில இப்டித்தான் மேடம். நீங்க கவலயே படாதீங்க, நான் கீறேன்" என்றார் மோசஸ்.

முதல் நாள் பஸ்ஸில் மோசஸ் வழக்கம்போல ஒவ்வொரு தலையாக விரல்நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். மனுஷாளை அப்படி விரல் நீட்டி எண்ணக் கூடாது, வயசானவர்கள் இருக்கிற இடத்தில் அது ஆகாது என்றேன். இன்னும் இரண்டு மூன்று மாமிகளும் ஆமாம் போட்டார்கள். மோசஸ் சிரித்துக்கொண்டே, "சரிங்க மேடம், அப்ப ஃபேமிலி பேரச் சொல்றேன், வந்தாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து அவர் குடும்பத் தலைவர் பெயரைக் கூப்பிடுவார், யாராவது ஒருவர் பதில் சொல்வோம். ராமானுஜம் சார் ஃபேமிலி என்றால் நான் வந்தாச்சு என்பேன். நான் அதைச் சொன்னபோது என் மனதில் வேறு எதுவும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி எண்ண மாட்டோம், அவ்வளவுதான்.

எல்லாரும் ஜார்ஜியாவைப் பார்த்தார்கள். நான் பார்த்தது கழிப்பறைகளை. குகைகளைக் குடைந்து கட்டிய ஊருக்குப் போனோம். அப்பா நுழைவாயிலில் கத்தியதால் நான் அவரோடு டிக்கெட் கவுன்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆற்றங்கரைக் கோட்டைக்குப் போனோம். அவருக்கு உடை மாற்றி முடிப்பதற்குள் பஸ் கிளம்ப நேரமாகிவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, நீங்கள் செய்கிறது பெரிய புண்ணியம் என்று சொல்லிவிட்டுப் போட்டோ எடுக்கப் போவார். ராத்திரி ஹோட்டலில் துண்டால் கையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது, காஸ்பெக்கையும் இப்படித்தான் பார்க்கப்போகிறேன் என்று தோன்றியது. என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள்தான் காஸ்பெக். காலையில் எழுந்து தயிர்சாதம் பிசைந்து டப்பாவில் அடைத்தேன். அப்பாவின் கம்பளிச் சால்வையை நான்காக மடித்து என் பையின் அடியில் வைத்து அதன்மேல் டப்பாவை வைத்தேன். ஒரு பாட்டில் வெந்நீரும் வைத்தேன். என் பாஸ்போர்ட்டையும் மருந்தையும் அதிலிருந்து எடுத்துக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். குளிர் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் செய்கிற ஏற்பாடுதான் இது.

அந்த மலைக்குப் பெரிய பஸ் ஏறாது. அடிவாரத்துக் கிராமத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, உள்ளூர்க்காரர்களின் சின்ன வேன்களில் ஆறு ஆறு பேராக ஏற்றிக்கொண்டு போவார்கள். வேன்காரர்களுக்கு நம் பாஷை தெரியாது, நம் முகமும் தெரியாது. மேலே போய் இறங்கினால் எங்கே பார்த்தாலும் வெள்ளை. குளிர் என்றால் என்ன என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேனே தவிர எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் எங்களோடு வந்த ஜாக்குலின் என்ற அம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மோசஸ் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, முதலில் இறங்கிய வேனிலேயே கீழே அழைத்துக்கொண்டு போனார். போகும்போதும் என்னைத் தேடிவந்து, "மேடம், சாரப் பாத்துக்கங்க. மேகம் எறங்கிகினு வருது, சீக்கிரம் வந்துருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தேவாலயத்துக்குப் பின்புறம் மதிலை ஒட்டி ஒரு கல் பெஞ்சு இருந்தது. காற்று படாத இடம். அப்பாவை அங்கே உட்காரவைத்தேன். மலையைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. என் பையை அவர் மடியில் வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் முகம் உக்கிராணத்து முகம் ஆயிற்று. நான் மதிலைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தேன்.

மேகம் விலகியது. காஸ்பெக் தெரிந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. யாரும் என்னை மாமி என்று கூப்பிடவில்லை. யாரும் ஆத்துக்குப் போலாமா என்று கேட்கவில்லை. என் இரண்டு கையும் காலியாக இருந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறுபடி மேகம் வந்து மூடியது, பனி விழ ஆரம்பித்தது, வேன்காரர்கள் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். நான் கடைசி வேனில் ஏறினேன்.

உள்ளே எங்களோடு சுற்றுலா வந்த பாலசுப்ரமணியன் தம்பதி இருந்தார்கள். அப்பா எங்கே என்று அந்த அம்மாள் கேட்டார். மோசஸ் முன்னாடியே அழைச்சுண்டு போயிட்டார் என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கால் தானாக நடந்தது, வாய் தானாகப் பேசியது என்றுதான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே பஸ்ஸில் ஏறியதும் கடைசி வரிசைக்குப் போனேன். அப்பா எப்போதும் அங்கேதான் போர்வையை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார். போர்வை கிடந்தது. அதைக் கொஞ்சம் உயர்த்திச் சுருட்டிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மோசஸ் முன்பக்கத்தில் ஜாக்குலினுக்கு மூச்சு மருந்து கொடுத்துக்கொண்டே பெயர்களைக் கூப்பிட்டார்.

"ராமானுஜம் சார் ஃபேமிலி?"

"வந்தாச்சு" என்றேன்.

அவர் திரும்பிப் போர்வையைப் பார்த்து, "சார் தூங்கிட்டாரா? டயர்டு ஆயிட்டாரு பாவம்" என்றார். பஸ் கிளம்பியது. அங்கேயிருந்து எங்கள் ஹோட்டல் இருந்த திபிலீசிக்கு மூன்று மணிநேரத்துக்கு மேல் ஆகும். நான் தூங்கினேன். நடுவில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோதுகூட எழுந்திருக்கவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு நல்ல தூக்கம்.

ஹோட்டல் வாசலில்தான் அப்பாவைக் காணோம் என்று சொன்னேன். பெட்ரோல் பங்கில் இறங்கியிருப்பார் என்றேன். மோசஸ் அந்தப் பஸ்ஸையே திருப்பிக்கொண்டு போனார். பங்குக்குப் பின்னால் ஒரு ஆறு ஓடுகிறது. விடிய விடிய அந்த ஆற்றங்கரையில் போலீசாரோடு தேடினாராம். நான் அறையில் இருந்தேன், எனக்கு யாரோ மாத்திரை கொடுத்தார்கள். காலையில் தேவாலயத்தைத் திறக்க வந்தவர்கள் பெஞ்சில் அப்பாவைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கிரிஷ் ஓடிவந்தான், அழுதான், ஊருக்கு வந்ததும் மோசஸ் மேல் புகார் கொடுத்தான். "அந்த மாதிரி ஆளையெல்லாம் நம்பி டூர் கம்பெனில எப்படிக்கா அனுப்பறா?" என்றான். அந்த மாதிரி என்றால் எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. அவன் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியும், அது எனக்கு வசதியாகவும் இருந்தது. பாலசுப்ரமணியன் தம்பதி நான் வேனில் சொன்னதை அப்படியே சாட்சி சொன்னார்கள். மோசஸின் வேலை போயிற்று. அவர் பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறது.

போன மாதம் அவரும் அவர் மனைவி ரூத்தும் இங்கே வந்தார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சார என் கையில வுட்டீங்களா? அந்த ஜாக்குலினம்மா ஒரு கையில, சார் ஒரு கையிலன்னு சில சமயம் ஞாபகம் வர்ற மாறி கீது. சில சமயம் சுத்தமா வரல. நீங்க சொன்னா நம்புவேன் மேடம்."

ரூத் சொன்னார்: "தூங்கறதே இல்லக்கா. ராத்திரி எழுந்து எழுந்து வெரலு வுட்டு எண்ணிகினு கீறாரு. எங்க மூணு பேரையே எண்ணிகினு கீறாரு."

விட்டேனோ என்னவோ, எனக்கும் நினைவில்லை என்றேன். ஞாபகம் வராமல் தவிக்கிற ஒரு மனுஷரின் முகம் எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்க முடியாது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னேன். பிறகு அவரை மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். அவர் என் காலைத் தொட வந்தார். ரூத் காபி டம்ளரைத் தானே அலம்பி வைத்துவிட்டுப் போனார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் அதைத் தள்ளிப்போட்டேன். மோசஸ் சின்ன வயசுக்காரர், எப்படியும் பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் எழுந்ததும் நிதானமாகக் குளித்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் வெளியே போகவில்லை. யாரையும் யாரும் திரும்பக் கொண்டுவரவும் இல்லை. இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் இந்தப் பையைக் கொண்டுவரும்வரை.

திட்டம் போட்டுச் செய்தேனா என்று கேட்டீர்கள். அவர் அலைகிறவர். பெஞ்சிலிருந்து எழுந்து நடப்பார், யாராவது பார்ப்பார்கள், கொண்டுபோய் எங்கேயாவது வைத்துக்கொள்வார்கள், நல்ல ஜனங்கள், நல்ல தயிர் கிடைக்கிற ஊர் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன். தேவாலயத்துக்குச் சற்றுக் கீழே காவல்காரர்கள் தங்கும் அறை இருக்கிறதாம், உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்ததாம். நடந்திருந்தால் பிழைத்திருப்பார். எழுந்திருக்காவிட்டாலும் பசித்தால் சாப்பிடட்டும், குளிர்ந்தால் போர்த்திக்கொள்ளட்டும் என்றுதான் சாதமும் சால்வையும் வெந்நீரும் வைத்தேன். கொடுமைக்காரி இதையெல்லாம் வைப்பாளா என்று இத்தனை நாளும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

நீங்கள் சொல்லித்தான் மீதி தெரிகிறது. அப்பா உட்காரவைத்த இடத்திலேயே இருந்தாராம். மேலே பனி மூடியிருந்ததாம். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாராம், விரல்களைப் பிரிக்கக் கஷ்டப்பட்டார்களாம். பையைத் திறந்தது அங்கத்திய போலீசார்தான். சால்வை மடித்தது மடித்தபடி இருந்தது. டப்பா மூடியை யாரும் தொடவில்லை. இந்தப் பையின் ஜிப் போன வருஷமே போய்விட்டது, அதனால் நான் ஒரு பெரிய ஊக்கைக் குத்தி வைப்பேன். அந்த ஊக்கைத் தனியாக ஒரு சின்ன உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு பொறுப்பானவர்கள் பாருங்கள்.

மோசஸிடம் நான் யாரையும் ஒப்படைக்கவில்லை. இதை முதலில் எழுதுங்கள், இன்றைக்கே படாளத்துக்கு ஆள் அனுப்பி ரூத்திடம் சொல்லச் சொல்லுங்கள். மோசஸுக்கு மறதி எதுவும் இல்லை. பஸ்ஸில் அவர் தலைகளை எண்ணாமல் இருந்ததும் நான் சொல்லித்தான்.

பெஞ்சில் அப்பாவிடம் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. பையை மடியில் வைத்ததும் அவர் கேட்டார், "யார் கேட்டாலும் குடுக்கப்படாதோன்னோ?"

"யார் கேட்டாலும் குடுக்காதேள்" என்றேன். "நான் வர வரைக்கும் எழுந்திருக்காதேள், பையைத் திறக்காதேள். பத்திரம்." சொல்லிவிட்டு ஊக்கை நான்தான் குத்தினேன்.

ஐந்து நிமிஷத்துக்கு முன் சொன்னது அவருக்கு நினைவில் நிற்காது என்று சற்றுமுன் உங்களிடம் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.